காற்றும் மரங்களும்: பிரெஞ்சுக் களத்தில் ஒரு யப்பானியச் சித்திரக்கதையும் அதன் வாசகியரும்

பாரிஸ் வட நிலையத்தை அடுத்துள்ள லா சப்பல் பகுதி, 1983க்குப் பின் ஈழத்திலிருந்து ஏதிலியராக வந்த தமிழர் தமக்கென அமைத்துக்கொண்ட கடைத்தெருவாக இன்று உலகத் தமிழரால் அறியப்படுகிறது. அதே வட நிலையத்தில் ஆர்.இ.ஆர். 'பி' தொடருந்தில் ஏறி வடகிழக்கே செல்வோர், தமிழ்க் குடும்பங்கள் பரவி வாழும் புறநகர்களைக் கடந்து ஓல்னே-சூ-புவாவை அடைவர். அங்கிருந்து விமான நிலையத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் வில்பான்ட் கண்காட்சி வளாகமாகும். பெருந்தொற்று ஆண்டுகள் நீங்கலாக, 2006 முதல் ஒவ்வொரு கோடையிலும் அவ்வளாகத்தில் 'யப்பான் எக்ஸ்போ' என்னும் விழா நிகழ்ந்து வருகிறது. நான்கு நாட்களில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்குக் கூடுவர். யப்பானியச் சித்திரக்கதைகளாகிய மங்காவே அவ்விழாவின் உயிர்நாடி.

புலம்பெயர் தமிழியல் இதுவரை பெரிதும் பெற்றோரின் எழுத்தையே ஆராய்ந்துள்ளது. 'ஓசை', 'எக்ஸில்', 'உயிர்நிழல்' முதலிய இதழ்கள், கலாமோகனின் சிறுகதைகள், ஷோபாசக்தியின் புதினங்கள் ஆகியன பற்றி ஆய்வுகள் உள. பிள்ளைகள் எதை வாசிக்கின்றனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. எழுப்பப்படும்போதும் அது கவலையின் குரலிலேயே ஒலிக்கிறது. மங்காவின் வகைகளுள் அக்கவலையைக் கூர்மையாக்குவது, இளைஞர் இருவரின் காதலைப் பெண்களே எழுதிப் பெண்களே வாசிக்கும் 'ஆடவர் காதல்' வகையாகும். பெண்பிள்ளைகள் இதனை ஏன் விரும்புகின்றனர் என்பதற்கு விடை தேடுவோர் பிரெஞ்சுச் சமூகத்தின் சீர்கேட்டையோ இணையத்தையோ சுட்டுவதுண்டு. அவ்விரண்டும் பிழையான திசைகள். இவ்வகை 1970களின் யப்பானில் அச்சுத்தாளில் பிறந்தது. அதன் முதற் பெருநூல் தன் களமாகக் கொண்டதோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரான்ஸ். தக்கேமியா கெய்கோ எழுதி வரைந்த 'கஸே தோ கி நோ உதா', அதாவது 'காற்றும் மரங்களும் பாடும் பாடல்', எவ்வாறு எதிர்ப்பின் நடுவே புகழ்பெற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கதையும் களமும்

தென் பிரான்சின் ஆர்ல் நகருக்கு அருகே கற்பனையாகப் படைக்கப்பட்ட விடுதிப் பள்ளி ஒன்றில் கதை தொடங்குகிறது. சில்பேர் கொக்தோ பேரழகன். ஒழுக்கங்கெட்டவன் என எல்லோராலும் ஒதுக்கப்படுபவன். அவனோடு ஒரே அறையில் தங்க அனுப்பப்படும் செர்ஜ் பத்தூர், பிரபுக் குலத் தந்தைக்கும் ரோமா இனத் தாய்க்கும் பிறந்தவன். அவனது நிறம் பழுப்பு. பியானோவில் தேர்ந்தவனாயினும் உயர்குடி வழித்தோன்றலாயினும் பள்ளி அவனை முதலில் காண்பது அந்நிறத்தின் வழியேதான். இருவரிடையே பகை மெல்ல நட்பாகிக் காதலாகிறது. ஈற்றில் இருவரும் பாரிசுக்கு ஓடிப்போகின்றனர். உடன்போக்குச் சென்ற அவர்களைப் பாரிஸ் வரவேற்கவில்லை. வறுமையும் போதையும் சில்பேரைத் தின்கின்றன. வண்டிச் சக்கரத்தின் கீழ் அவன் இறக்கிறான்.

இக்கதைச் சுருக்கத்தை வாசிக்கும் பாரிஸ் தமிழர் எவரும் செர்ஜிடம் சற்றுத் தயங்கி நிற்பர். பிரெஞ்சுப் பள்ளியில் பழுப்பு நிறப் பிள்ளை என்பது அவர்களுக்கு வரலாற்றுக் கற்பனையன்று. இந்நூல் பற்றிய விவாதம் இருவர் காதலையே சுற்றிச் சுழல்வதால், நிறவெறி பற்றிய அதன் நீண்ட பகுதிகள் கவனம் பெறாமற் போவது ஒரு குறையே.

யப்பானியச் சிறுமியருக்கான கதைக்குப் பிரான்ஸ் ஏன் தேவைப்பட்டது? இதற்கு முன்னோடிகள் உண்டு. எழுத்தாளர் மோரி ஒகாயின் மகளும் 1920களில் பாரிசில் வாழ்ந்தவருமான மோரி மாரி, 1961இல் ஐரோப்பியப் பெயர் தாங்கிய ஆடவரின் காதலைப் புனைகதையாக்கினார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொசே பெய்ரபித்தின் 1943ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவி 1964இல் ழான் தெலன்னுவா இயக்கிய திரைப்படம், கத்தோலிக்க விடுதிப் பள்ளி மாணவர் இருவரின் நேசத்தைக் காட்டியது. தக்கேமியாவும் அவருடைய தோழியரும் அப்படத்தால் ஆட்கொள்ளப்பட்டனர். தோழியருள் ஒருவரான ஹாகியோ மோத்தோ, செர்மானிய விடுதிப் பள்ளியைக் களமாகக் கொண்டு 1974இல் 'தோமாவின் இதயம்' படைத்தார். 1972இல் இருவரும், மசுயாமா நோரியே, யமகிஷி ரியோக்கோ ஆகியோருடன் ஏறத்தாழ 45 நாட்கள் ஐரோப்பாவைச் சுற்றிக் கட்டடங்களையும் தெருக்களையும் கண்டு திரும்பினர். சித்திரக்கதையின் சாளரங்களும் படிக்கட்டுகளும் இத்துணை நுணுக்கமாக அமைந்தமைக்கு அப்பயணமும் ஒரு காரணம்.

ஒரு சிறு குறிப்பு: மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு 1970இல் பாரிசில் கூடியது. ஆடவர் காதல் வகையின் முதற்கதை எனக் கருதப்படும் தக்கேமியாவின் குறுங்கதை வெளியானது அதே ஆண்டின் டிசம்பரில். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, ஆயினும் இவ்வகைக்கு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது என்பதை நினைவிற்கொள்ள இவ்வொப்பீடு உதவும்.

அஞ்சலட்டையின் ஆட்சி

இந்நூல் வெளிவந்த வரலாறு, புகழுக்கான காரணத்தைப் பாதியளவு விளக்கிவிடுகிறது. 1970களின் தொடக்கத்திலேயே தக்கேமியாவின் உள்ளத்தில் கதை முழு உருப்பெற்றுவிட்டது. பதிப்பாசிரியர்கள் மறுத்தனர். அக்காலச் சிறுமியர் இதழ்களை நடத்தியோர் பெரும்பாலும் ஆடவர். சிறுமியர் எதை வாசிக்கலாம் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்ததில்லை. தொடக்கப் பக்கத்தை மாற்றினால் ஆவன செய்யலாம் என்றபோது தக்கேமியா இணங்கவில்லை.

யப்பானிய வார இதழ்களில் ஒரு வழக்கம் உண்டு. இதழுடன் வாக்கு அஞ்சலட்டை இணைந்திருக்கும். வாசகர் தாம் விரும்பிய தொடர்களைக் குறித்து அனுப்புவர். அட்டைகளின் எண்ணிக்கையே தொடரின் ஆயுளை முடிவு செய்யும். தக்கேமியா இந்த விதியையே தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். எகிப்தைக் களமாகக் கொண்டு, யாவரும் விரும்பத்தக்க அரச சாகசமாக 'பாரவோனின் கல்லறை' என்னும் தொடரை 1974 முதல் 1976 வரை எழுதினார். அதன் நோக்கத்தை அவரே பின்னர் மறைக்கவில்லை. வாக்குகளை ஈட்டி, அவற்றைக் கொண்டு தாம் விரும்பிய நூலுக்கு இடம் பெறுவதே அந்நோக்கம். அத்தொடர் வாக்கெடுப்பில் முன்னேறியது. 1976 பிப்ரவரி இறுதியில் 'ஷூக்கான் ஷோஜோ காமிக்' வார இதழில் 'காற்றும் மரங்களும்' தொடங்கிற்று. 1980வரை அங்கும், பின்னர் 'பெத்தி பிளவர்' இதழில் 1984வரையும் தொடர்ந்து, 17 தொகுதிகளாக நிறைவுற்றது.

ஆகவே, 'இத்தகைய கதையைச் சிறுமியர்மீது திணித்தது யார்' என்னும் வினாவே பொருந்தாது. தடுக்க முயன்றவர்கள் பெரியவர்கள். வாயிலைத் திறந்தவை பள்ளிச் சிறுமியர் அனுப்பிய அஞ்சலட்டைகள். நம் வார இதழ்த் தொடர்கதைகளின் பொற்காலத்தில் வாசகியர் கடிதங்கள் எழுத்தாளரின் போக்கை எத்துணை பாதித்தன என்பதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. யப்பானில் அச்செல்வாக்கு எண்ணிக்கையாகவே கணக்கிடப்பட்டது என்பதே வேறுபாடு.

வாசகியர் வாக்களித்ததோடு நில்லவில்லை. 1975 டிசம்பர் 21 அன்று தோக்கியோவில் முதன்முறையாகக் கூடிய 'காமிக் மார்க்கெட்' என்னும் ஆர்வலர் சந்தையில் 32 குழுக்கள் தம் கையச்சு இதழ்களை விற்றன. வந்தோர் ஏறத்தாழ 700 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவியர். 1978இல் இவ்வகைக்கென்றே 'ஜூன்' என்னும் இதழ் தோன்றியது. அதன் அட்டைகளைத் தக்கேமியாவே வரைந்தார். 1979ஆம் ஆண்டுக்கான ஷோகாக்குக்கான் விருது இந்நூலுக்கும் அவருடைய மற்றொரு படைப்பான 'பூமியை நோக்கி' என்பதற்கும் சேர்த்து வழங்கப்பட்டது. நாடகாசிரியர் தெராயாமா சூஜி இதனை வரவேற்றார். உளவியலறிஞர் கவாய் ஹயாவோ, சிறுமியரின் அகவுலகை இத்துணை நெருங்கிய படைப்பு அரிது எனக் கருதினார். ஆடவரின் கதையில் சிறுமியரின் அகம் என்னும் இக்கூற்று முரணாகத் தோன்றலாம். அம்முரணிலேயே விடை உளது.

தொலைவு என்னும் உத்தி

திறனாய்வாளர் புஜிமோத்தோ யுகாரி 1998இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, 'எனக்குரிய இடம் எங்கே இருக்கிறது?' எனப் பொருள்படும். சிறுமியர் சித்திரக்கதை முழுவதையும் அவ்வினாவின் வழியே அவர் வாசித்தார். ஆடவர் காதல் கதைகளைப் பற்றிய அவரது கருத்தின் சாரம் வருமாறு: அக்காலப் பெண்ணுக்குக் காதற்கதையில் கிடைத்த இடம் ஒன்றே, விரும்பப்படுபவள், காத்திருப்பவள், வன்முறைக்கு ஆளானால் பழிசுமப்பவள். காதலர் இருவரும் ஆடவராக இருக்கும்போது வாசகி எவ்விடத்தையும் ஏற்கலாம். விரும்புபவனாகவும் விரும்பப்படுபவனாகவும் மாறலாம். இரண்டும் ஆகாது வெளியே நின்று நோக்கலாம். கருவுறும் அச்சமும் திருமணக் கட்டாயமும் அக்கதையுலகில் இல்லை. துன்பம் வரினும் அது தன் உடலுக்கு நேர்வதன்று என்னும் காப்பு அவளுக்கு உண்டு. அத்துன்பத்தை அவள் நேர்நின்று காண அக்காப்பே துணிவளிக்கிறது.

இவ்விளக்கத்தைத் தமிழ் மரபிலிருந்து நோக்கினால் இன்னொரு பக்கம் புலனாகும். அகத்திணை மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் நீங்கினால்தான் தலைவியின் ஏக்கம் எவருடையதாகவும் இருக்க இயலும். சங்கப் புலவருள் பெரும்பாலோர் ஆடவர். ஆயினும் அவர்கள் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் நின்றே பாடினர். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் ஆனமையை வைணவ உரைமரபு விரித்துரைக்கும். ஆடவன் தன் உள்ளத்தின் மிக மென்மையான பகுதியைச் சொல்லப் பெண்ணுருக் கொள்வது நமக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம். யப்பானியச் சிறுமியர் செய்தது அதன் மறுதலை. தம் உள்ளத்தின் சினத்தையும் வேட்கையையும் சொல்ல அவர்கள் ஆணுரு கொண்டனர். பெயரின்மைக்குப் பதிலாக அவர்கள் கைக்கொண்ட திரை, பிரான்ஸ் என்னும் தொலைவு.

இவ்வொப்பீட்டை எல்லை மீறி நீட்டலாகாது. கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பை இவ்வகைக்கு முன்னோடியாக்கும் ஆர்வம் சிலரிடம் தோன்றக்கூடும். அது புறத்திணைக்குரிய, வடக்கிருத்தலில் முடியும் வீரநட்பு. அதை அகத்துள் இழுப்பது இரு மரபுகளையும் சிறுமைப்படுத்தும். நாயகி பாவத்தை எடுத்துக்காட்டியது வேட்கையின் பொருட்டன்று, குரல் மாற்றத்தின் பொருட்டே.

'சுவாசிர்' விவாதம்

இந்நூல்மீதான குற்றச்சாட்டுகள் இரண்டு. இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல.

முதலாவது குற்றச்சாட்டு, ஆடவரை விரும்பும் ஆடவரிடமிருந்தே எழுந்தது. 1992இல் யப்பானியப் பெண்ணிய இதழ் ஒன்றில் சத்தோ மசாக்கி என்பார் கடுமையான ஒரு மடலை எழுதினார். 'தெரிவு செய்தல்' எனப் பொருள்படும் 'சுவாசிர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லே அவ்விதழின் பெயர். பெண்கள் தம் இன்பத்திற்காகத் தம்மைப் போன்றோரின் வாழ்வைக் காட்சிப் பொருளாக்குகின்றனர். அழகிய இளைஞர் மட்டுமே அக்கதைகளில் வாழத் தகுதியுடையோர். உண்மையில் ஒடுக்கப்படும் ஆடவர்மீது அவ்வாசகியருக்கு அக்கறையில்லை என்பன அவர் வாதங்கள். வாசகியரும் படைப்பாளரும் பதிலெழுதினர். சிலர் மன்னிப்புக் கோரினர், சிலர் சினந்தனர், தம் வாசிப்புப் பழக்கம் எதிலிருந்து தம்மைக் காத்தது என்பதை முதன்முறையாக எண்ணிப் பார்த்துச் சிலர் எழுதினர். சில ஆண்டுகள் நீடித்த இவ்விவாதம், வாசகியர் தம் விருப்பத்தின் காரணத்தைத் தாமே வெளிப்படையாக ஆராய்ந்த அரிய ஆவணமாகும். எங்கள் விருப்பத்தைப் பற்றிப் பிறர் ஏன் பேசவேண்டும் என்று அவர்கள் வாயடைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமையே அவர்களது சிறப்பு. பிற்காலத்தில் இவ்வகைக் கதைகள் சில, காதலரின் குடும்பம், பணியிடம், சமூகத்தின் வெறுப்பு ஆகியவற்றையும் பேசத் தொடங்கியமைக்கு இவ்விவாதமும் ஒரு தூண்டுதல் என்பர் ஆய்வாளர்.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கடினமானது. சில்பேர் சிறுவயது முதல் மூத்தோரின் வன்கொடுமைக்கு ஆளாகியவன். அவனை வளர்த்துச் சீர்குலைக்கும் ஒகுஸ்த் முதலில் சிற்றப்பனாக அறிமுகமாகிப் பின்னர் தந்தையென வெளிப்படுகிறான். 2010இல் தோக்கியோ பெருநகர மன்றம் இளையோர் நலச் சட்டத்தைத் திருத்தியபோது, இன்றைய தாய்மார் பலர் வாசித்து வளர்ந்த தம் நூலே அத்திருத்தத்தால் முடக்கப்படலாம் எனத் தக்கேமியா எதிர்த்தார். 2016இல் பிபிசியிடம் பேசியபோது, இத்தகைய கொடுமைகள் வாழ்வில் நிகழ்வன, மறைத்தால் அவை மறையா, அவற்றைக் கடந்து வாழ முயலும் பிள்ளைகளின் உறுதியையே தாம் காட்ட விழைந்ததாக விளக்கினார்.

இவ்விளக்கத்தின் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. கொடுமைக்கு ஆளான பிள்ளையை ஊர் 'கெட்டவன்' என்றே அழைக்கிறது. அவ்வழைப்பின் பின்னுள்ள உண்மையைப் பள்ளி முழுவதிலும் செர்ஜ் ஒருவனே காண முயல்கிறான். வீட்டுக்குள் நிகழும் வன்முறைக்குச் சொல்லற்றுக் கிடந்த சிறுமியருக்கு இது எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். எனினும் தக்கேமியாவின் தூரிகை எதை வரைந்தாலும் அழகாக்கிவிடுகிறது. மலர்களும் இதழ்களும் சூழ வரையப்பட்ட துன்பம், துன்பமென உணரப்படுவதற்கு முன்பே கண்ணைக் கவர்கிறது. பேசாப்பொருளைப் பேசியது இந்நூலின் குற்றமன்று. பேசிய மொழி சில இடங்களில் தன் பொருளைக் கைவிடுகிறது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஒகுஸ்த் அளவுக்கு மீறிய வசீகரத்துடன் வரையப்பட்டுள்ளமை இதற்குச் சான்று.

பிரான்சுக்கு வந்து சேர்தல்

பிரெஞ்சு வரலாற்றை யப்பானியப் பெண்கள் தம் கற்பனைக்குக் களமாக்க, அக்கற்பனை பிரான்சுக்கே மீண்டது. இக்கேதா ரியோக்கோவின் 'வெர்சாய் ரோஜா' 1972, 1973 ஆண்டுகளில் தொடராக வந்தது. ஆணுடை தரித்த பெண் தளபதி ஒஸ்கார் அதன் நாயகி. அதன் அசைபடம் 1986இல் 'லேடி ஒஸ்கார்' என்னும் பெயரில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 1987 முதல் 1997வரை நடந்த 'கிளப் தொரொத்தே' நிகழ்ச்சி ஒரு தலைமுறையையே யப்பானியக் கதைகளுக்குப் பழக்கியது. அரசியல்வாதி செகொலேன் ருவாயால் 1989இல் வெளியிட்ட நூல், இவ்வொளிபரப்புகளைச் சாடிய பெற்றோர் தலைமுறையின் அச்சத்தைப் பதிவு செய்தது. லா சப்பலில் நம்மவர் கொள்ளும் கவலை பிரெஞ்சுப் பெற்றோர் முன்னரே கொண்டு தீர்த்த கவலையேயாகும். 1990இல் 'அகிரா' வெளிவரத் தொடங்கியபின் மங்கா அங்குப் பெரிதும் வளர்ந்தது. பதினெட்டு அகவையினருக்கு அன்று 300 யூரோ வழங்கிய பண்பாட்டு அட்டைத் திட்டம் 2021 மே மாதம் நாடெங்கும் விரிந்தபோது, அப்பணம் மங்காவுக்கே செல்கிறதெனச் செய்தித்தாள்கள் எள்ளின. இளையோர் வெளியீடுகளைக் கண்காணிக்கும் 1949 சூலை 16ஆம் நாள் சட்டம் இன்றும் நடைமுறையில் உளது. எனவே ஆடவர் காதல் வகையுள் முதிர்ந்தோர்க்குரியன தனியே பிரித்து விற்கப்படுகின்றன.

தமிழில் ஒருநாள்

தமிழ்ச் சித்திரக்கதைக்கும் பிரெஞ்சு மொழிக்கும் உறவு புதிதன்று. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்சும் 1984இல் லயன் காமிக்சும் தோன்றின. லக்கி லூக்கும் 'இரத்தப் படலம்' எனப் பெயர்பெற்ற பதின்மூன்றாம் எண்ணாளனும் பிரெஞ்சிலிருந்தே தமிழுக்கு வந்தவர்கள். அவ்வாசகர் உலகு பெரிதும் ஆடவருடையது. பெண்வாசகியருக்கெனத் தமிழில் ஒரு சித்திரக்கதை மரபு உருவாகவில்லை. தொடர்கதையும் மாதப் புதினமும் அவ்விடத்தை நிரப்பின.

தன்பாலீர்ப்பைப் பேசும் சொற்கள் தமிழில் இல்லை என்னும் தடையும் குறைந்து வருகிறது. சியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' 1994இல் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் கதையை ஆங்கிலத்தில் சொன்னது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆம் பிரிவின் கொடுமையை நீக்கியது. சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணைகளைத் தொடர்ந்து, இழிவற்ற சொற்களின் பட்டியலைத் தமிழ்நாட்டு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. இலங்கையின் 365ஆம், 365அ பிரிவுகள் இன்னும் சட்டநூலில் உள்ளன. சத்தோ மசாக்கியின் மடலை இங்கு நினைவுகூர்தல் தகும்: சில்பேரை நேசிக்கும் வாசகி, அப்பிரிவுகளின் கீழ் அஞ்சி வாழும் தமிழ் இளைஞனை அறிந்தவள் ஆகிவிடுவதில்லை. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் பிழை, இவ்வகையைப் போற்றுவோரிடமும் தூற்றுவோரிடமும் ஒருங்கே காணப்படுகிறது.

இந்நூலைத் தமிழாக்க முனைவோர்க்கு அரசிதழ்ச் சொற்பட்டியலைவிட விளிச்சொற்களே பெருஞ்சிக்கலாக அமையும். செர்ஜ் சில்பேரை எவ்வாறு அழைப்பான்? தொடக்கத்தில் அவன் காட்டும் பிரபுக்குல மரியாதைக்கு 'நீங்கள்' பொருந்தும். பகை முற்றும்போது வரும் 'நீ'யும், நட்பில் வரும் 'டா'வும் ஒரே நெருக்கத்தின் இரு முகங்கள். யாழ்ப்பாணத்து இளைஞர் தம்முள் வழங்கும் 'மச்சான்' என்னும் விளியோ இன்னும் நுட்பமானது. மணமுறை கொள்ளத்தக்க உறவைக் குறிக்கும் சொல்லே ஆண்நண்பர்க்கிடையிலான அன்பின் பொதுச்சொல்லாகவும் வழங்குகிறது. பெண்ணும் அதே சொல்லால் தான் மணக்கக்கூடியவனை அழைக்கிறாள். யப்பானிய மூலத்திலும் பிரெஞ்சிலும் இல்லாத இவ்விருபொருளைச் செர்ஜின் வாயில் வைப்பதா, எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதை மொழிபெயர்ப்பாளரே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.